‘மூன்லைட்’ படத்தில் யார் யாரைத் தொடுகிறார்கள்?

கேள்வி இதுதான்: 111 நிமிடம் ஓடும் ‘மூன்லைட்’ படத்தில் இரண்டு ஆண்களுக்கு இடையே முத்தம் வருவது ஒரே ஓர் இடத்தில். நாயகன் ஷைரோனும் அவனுடைய சிறுவயது நண்பன் கெவினும் ஒருவருக்கொருவர் ‘காதலிக்கிறேன்’ என்று ஒருமுறைகூடச் சொல்லிக்கொள்வதில்லை. அப்படியிருக்க, இதை ஏன் எல்லோரும் காதல் படம் என்கிறார்கள்? தன்பாலீர்ப்பு உள்ள ஒரு பையன் வளர்ந்து ஆளாகும் கதையை எழுத நினைப்பவர் இதிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம்?

காதல் இந்தப் படத்தில் வசனத்தில் இல்லை, தொடுதலில் இருக்கிறது. ஷைரோனை யார் தொடுகிறார்கள், எதற்காகத் தொடுகிறார்கள், தொட்ட பிறகு அவனுக்கு என்ன ஆகிறது என்ற மூன்றை மட்டும் கவனித்துக்கொண்டு படத்தை மறுபடி பாருங்கள். கதையின் கட்டுமானம் முழுவதும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அடி, உதை, அணைப்பு, கைகுலுக்கல் என எந்தத் தொடுதலும் இங்கே வீணாக வருவதில்லை. அன்பாகத் தொட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால்தான் கடைசியில் ஒரு கை அவன் தலையைக் கோதும்போது, மற்ற படங்களில் பெரிய காதல் காட்சி செய்யும் வேலையை அந்த ஒரு கை செய்துவிடுகிறது.

பின்னணி கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது. படம் 2016இல் வந்தது, இயக்கியவர் பாரி ஜென்கின்ஸ். மூலம், டாரெல் ஆல்வின் மெக்ரேனி எழுதி மேடையேறாமல் கிடந்த ஒரு நாடகப் பிரதி. இருவரும் மயாமி நகரத்தின் லிபர்ட்டி சிட்டி என்ற கறுப்பின மக்கள் வாழும் பகுதியில் வளர்ந்தவர்கள். இருவருடைய தாய்மார்களும் கிராக் என்ற போதைப்பொருளின் பிடியில் சிக்கியவர்கள். மெக்ரேனி தன்பாலீர்ப்பாளர், ஜென்கின்ஸ் அப்படியில்லை. அந்தத் தெருவின் வெயிலும் வீட்டின் பயமும் இருவருக்கும் சொந்தம். ஆசையை மறைத்து வாழும் உடம்பின் அறிவு மெக்ரேனியிடமிருந்து வந்தது. படத்தைப் பற்றி எழுதும் பலர் இயக்குநரை மட்டும் பேசிவிட்டு மெக்ரேனியை அடிக்குறிப்பாக்கிவிடுகிறார்கள். அது நியாயமில்லை.

கதை மூன்று பகுதிகளாகப் பிரிகிறது, மூன்றுக்கும் நாயகனின் பெயர்களே தலைப்பு. சிறுவனாக இருக்கும்போது ‘லிட்டில்’, அது அவனைத் துரத்தி அடிக்கும் பையன்கள் வழங்கும் பட்டப்பெயர். பள்ளிப் பருவத்தில் ‘ஷைரோன்’, அம்மா வைத்த பெயர். வளர்ந்த பிறகு ‘பிளாக்’, இது கெவின் செல்லமாகக் கூப்பிட்ட பெயர். மூன்றாம் பகுதியில் அட்லாண்டாவில் போதைப்பொருள் விற்றுக்கொண்டு, கழற்றி மாட்டும் தங்கப் பற்களும் திரண்ட தோள்களுமாக வாழும் மனிதன், தன்னை அடித்து வீழ்த்திய பையன் வைத்த பெயரையே உலகத்துக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறான். பத்தாண்டுக் காலமாக அவன் யாரை நினைத்துக்கொண்டிருந்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. படம் இதை ஒரு வரியில்கூட விளக்குவதில்லை.

முதல் பகுதியின் முக்கியமான தொடுதல் காதலோடு சம்பந்தப்பட்டதே இல்லை. ஹுவான் என்ற போதைப்பொருள் வியாபாரி, துரத்தப்பட்டு ஓர் இடிந்த வீட்டில் ஒளிந்திருந்த சிறுவனைக் கண்டெடுத்து, பிறகு ஒருநாள் கடலுக்கு அழைத்துப்போய் நீந்தக் கற்றுத்தருகிறான். பையனின் தலையைத் தன் உள்ளங்கையில் தாங்கி, மிதக்கவிடுகிறான். கேமரா பாதி தண்ணீருக்குள் இருக்கிறது, அலை லென்ஸின் மேலேயே மோதுகிறது. சிறுவனாக நடித்த அலெக்ஸ் ஹிபர்ட்டுக்கு உண்மையிலேயே நீந்தத் தெரியாது. ஹுவானாக நடித்த மஹர்ஷலா அலி படப்பிடிப்பின்போதே அவனுக்குக் கற்றுக்கொடுத்தார். விறைத்த உடம்பு மெல்ல மெல்ல நம்பித் தளர்வதை நாம் பார்க்கிறோம். ஓர் ஆணின் கை தன்னைக் காயப்படுத்தாமல் தாங்கும் என்று அந்த உடம்பு அன்றுதான் கற்கிறது. பின்னால் வரும் காதலுக்கு அடித்தளம் இது. இந்தக் காட்சி இல்லாவிட்டால், பத்து வருடம் கழித்து அவன் எதைத் தேடி மயாமிக்குக் காரோட்டிப் போகிறான் என்பதற்குப் பாதி விடைதான் கிடைக்கும்.

அதே பகுதியின் கடைசியில் சாப்பாட்டு மேசைக் காட்சி வருகிறது. தன்னைத் திட்டப் பயன்படும் ஓர் இழிசொல்லுக்கு என்ன பொருள் என்று பையன் கேட்கிறான். தன்பாலீர்ப்பு உள்ளவர்களை நோகடிக்கச் சொல்லும் வார்த்தை என்கிறான் ஹுவான். நீ அப்படிப்பட்டவனாக இருக்கலாம், ஆனால் அந்தப் பெயரால் உன்னை யாரும் அழைக்கவிடாதே என்கிறான். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறான் பையன். இப்போதே தெரிந்தாக வேண்டியதில்லை என்ற அளவில் பதில் நின்றுவிடுகிறது. தன்பாலீர்ப்பை ஏற்றுக்கொள்வது பற்றிய வசனக் காட்சி எழுத நினைப்பவர்கள் இதை வரிக்கு வரி படிக்க வேண்டும். இங்கே யாரும் சொற்பொழிவாற்றுவதில்லை. பெரியவருக்கே விடை முழுதாகத் தெரியவில்லை, யோசித்து யோசித்துப் பேசுகிறார். அடுத்து பையன் கேட்பது, நீ போதைப்பொருள் விற்கிறாயா, என் அம்மா அதைப் பயன்படுத்துகிறாளா என்று. இரண்டுக்கும் ஆம் என்று தலை குனிகிறான் ஹுவான். அன்பு காட்டியவனே வீட்டை அழிப்பதிலும் பங்குள்ளவன். ஏற்றுக்கொள்ளும் காட்சி இனிப்பாக முடியாமல், பையன் எழுந்து வெளியேறுவதில் முடிகிறது. அந்தக் கசப்பு இருப்பதால்தான் முன்னால் சொன்ன நல்ல வார்த்தைகளை நாம் நம்புகிறோம்.

கெவினின் முதல் தொடுதல் புல்வெளியில் நடக்கும் மல்யுத்தம். காகிதப் பந்து விளையாட்டிலிருந்து விலகி நடந்த சிறுவனைப் பின்தொடர்ந்து வந்து, நீ மென்மையானவன் இல்லையென்று காட்டு என்று சீண்டுகிறான். இருவரும் கட்டிப் புரள்கிறார்கள். சிறுவர் விளையாட்டுதான், ஆனால் இரண்டாம் பகுதியில் நடக்கப்போகும் இரண்டு காரியங்களும் இதில் ஒன்றாகக் கலந்திருக்கின்றன: நெருக்கமும் அடியும். கெவினுக்கு நெருங்குவதற்கு ஒரு சாக்கு வேண்டும், அந்த ஊரில் ஆண்பிள்ளைகளுக்குக் கிடைக்கும் ஒரே சாக்கு சண்டை.

இரண்டாம் பகுதியின் கடற்கரைக் காட்சியில் பேச்சு முதலில் காற்றைப் பற்றித்தான். கடலிலிருந்து வரும் காற்று சில சமயம் குடியிருப்புவரை வந்து எல்லாரையும் ஒரு கணம் அமைதியாக்கிவிடும் என்று இருவரும் பேசிக்கொள்கிறார்கள். அழுகையைப் பற்றிப் பேசுகிறார்கள். பெண்களோடு தான் செய்த வீரதீரங்களைப் பள்ளியில் உரக்கச் சொல்லித்திரியும் கெவின், இங்கே குரலைத் தாழ்த்திவிடுகிறான். முத்தம் வந்ததும் கேமரா அவர்கள் முதுகுப் பக்கம் போய்விடுகிறது, பிறகு மணலை இறுகப் பற்றும் ஒரு கையை மட்டும் காட்டுகிறது. முடிந்ததும் ஷைரோன் சொல்லும் முதல் வார்த்தை மன்னிப்பு. எதற்காக மன்னிப்பு என்று கெவின் கேட்கிறான். முதல் காதலின் நடுவே வெட்கம் எப்படி முந்திக்கொண்டு வருகிறது என்பதை இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன காட்சிகள் குறைவு. வீட்டில் இறக்கிவிடும்போது கெவின் கை நீட்டுகிறான், இருவரும் சாதாரண நண்பர்கள்போல் கைகுலுக்குகிறார்கள். அந்தக் கைகுலுக்கலை விட்டுவிடாதீர்கள். பொது இடத்தில் அவர்களுக்கு அனுமதிக்கப்பட்ட தொடுதல் அவ்வளவுதான்.

அடுத்து அதே கைதான் அடிக்கிறது. டெரல் என்ற முரடன் கெவினைத் தூண்டிவிட்டு, ஷைரோனை அடிக்கச் சொல்கிறான். கீழேயே கிட என்று கெவின் கெஞ்சாத குறையாகச் சொல்ல, ஷைரோன் ஒவ்வொரு முறையும் எழுந்து நிற்கிறான். தன்பாலீர்ப்பைப் பற்றிய படங்களில் வன்முறைக் காட்சி வருவது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் அது முகம் தெரியாத வெறுப்பாளர்களிடமிருந்து வருகிறது, பார்ப்பவர் பரிதாபப்பட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார். இங்கே அடிப்பவன் நேசிப்பவன். அவன் முகத்திலும் வலி இருக்கிறது, ஆனாலும் அடிக்கிறான். சமூகத்தின் வெறுப்பு வெளியே எங்கோ இல்லாமல் காதலனின் முஷ்டிக்குள் புகுந்துகொள்கிறது. மறுநாள் ஷைரோன் நாற்காலியால் டெரலைத் தாக்கிக் கைதாகிறான். கெவின் மேல் அவன் புகார் கொடுக்கவே இல்லை.

மூன்றாம் பகுதிதான் படத்தின் உண்மையான காதல் கதை. இயக்குநரின் பொறுமை தெரிவதும் இங்கேதான். நள்ளிரவில் கெவினிடமிருந்து தொலைபேசி வருகிறது. அவன் இப்போது மயாமியில் ஓர் உணவகத்தில் சமையற்காரன், ஒரு பையனுக்குத் தகப்பன், பையனின் தாயிடமிருந்து பிரிந்திருப்பவன். பிளாக் காரை எடுத்துக்கொண்டு அட்லாண்டாவிலிருந்து கிளம்புகிறான். அந்தப் பயணத்தின்மேல் கயட்டானோ வெலோசோ பாடிய ‘குக்குருக்குக்கூ பலோமா’ ஒலிக்கிறது. வாங் கர்-வாயின் ‘ஹேப்பி டுகெதர்’ படத்திலும் (1997, இரண்டு ஆண்களின் காதலைச் சொல்லும் ஹாங்காங் படம்) அதே பாடல் இருக்கிறது. தான் யாரிடம் கற்றேன் என்பதை ஜென்கின்ஸ் வெளிப்படையாகவே வணங்கிச் சொல்லும் இடம் இது. ஒரே உறவை மூன்று காலங்களாக வெட்டும் வடிவத்துக்கு, தைவான் இயக்குநர் ஹோ சியாவ்-சியனின் ‘த்ரீ டைம்ஸ்’ (2005) உதவியதாகவும் அவர் சொல்லியிருக்கிறார்.

உணவகக் கதவைத் திறந்ததிலிருந்து படம் முடியும்வரை ஏறக்குறைய அரைமணி நேரம். அதில் இரண்டு ஆண்கள் பேசுகிறார்கள், சாப்பிடுகிறார்கள், மது ஊற்றிக்கொள்கிறார்கள், வீட்டுக்குப் போகிறார்கள். இவ்வளவுதான் நடப்பது. ஆனாலும் இழுவையாக இல்லை. மௌனம் வரும் ஒவ்வொரு இடத்திலும் கைகளுக்கு ஒரு வேலை இருக்கிறது, அதுதான் காரணம். கெவின் சோற்றைக் கிண்ணத்தில் அழுத்தித் தட்டில் கவிழ்க்கிறான், கொத்தமல்லி தூவுகிறான், கறுப்பு பீன்ஸும் கோழியும் எடுத்து வைக்கிறான். கேமரா நிதானமாக அதைப் பார்க்கிறது. யாருக்காகவோ பார்த்துப் பார்த்துச் சமைக்கும் கை அது. சாப்பிடுவதற்கு முன் பிளாக் தங்கப் பற்களைக் கழற்றுகிறான், கவசத்தின் முதல் துண்டு அவிழ்கிறது. ஏன் இவ்வளவு தூரம் வந்தாய் என்ற கேள்விக்கு அவனிடம் பதில் இல்லை. கெவின் எழுந்துபோய் இசைப்பெட்டியில் பார்பரா லூயிஸின் 1963ஆம் ஆண்டுப் பாடல் ஒன்றை ஒலிக்கவிடுகிறான். நீண்ட நாள் கழித்துத் திரும்பி வந்தவரை வரவேற்கும் பாட்டு. பேச்சு முடியாத இடத்தில் பாட்டு பதிலைச் சொல்லிவிடுகிறது.

பிறகு கெவினின் வீட்டில், என்னைத் தொட்ட ஒரே ஆண் நீதான், அதன் பிறகு யாரையும் நான் தொட்டதில்லை என்று பிளாக் சொல்கிறான். முதல் பகுதியிலிருந்து படம் சேர்த்துவைத்த தொடுதல் கணக்கு முழுவதையும் இந்த வாக்கியம் ஒரேயடியாகத் தீர்க்கிறது. இதை முதல் பத்து நிமிடத்தில் சொல்லியிருந்தால் வெறும் தகவலாகப் போயிருக்கும்.

இப்போது தொழில்நுட்பம். மூன்று வயதுக்கும் மூன்று நடிகர்கள்: அலெக்ஸ் ஹிபர்ட், ஆஷ்டன் சாண்டர்ஸ், ட்ரெவான்டே ரோட்ஸ். முகச்சாடை ஒத்துப்போகிறதா என்று ஜென்கின்ஸ் தேடவில்லை, கண்களில் ஒரே உணர்வு இருக்கிறதா என்றுதான் பார்த்தார். படப்பிடிப்பு முடியும்வரை மூவரும் சந்தித்துக்கொள்ளாதபடி பார்த்துக்கொண்டார். ஒருவர் மற்றவரின் பாவனையைக் காப்பியடித்துவிடக் கூடாது என்பது நோக்கம். ஒவ்வொரு காலத்திலும் உலகம் அந்த மனிதனை வேறொருவனாக மாற்றியிருக்கிறது என்ற எண்ணத்துக்கு இது பொருந்துகிறது. மொத்தப் படப்பிடிப்பே 25 நாள். தாய் பவுலாவாக நடித்த நவோமி ஹாரிஸ் தன் பகுதி முழுவதையும் 3 நாளில் முடித்தார்.

ஒளிப்பதிவாளர் ஜேம்ஸ் லாக்ஸ்டன் டிஜிட்டல் கேமராவில் அகலத்திரைக் காட்சிக்கான அனமார்ஃபிக் லென்ஸ் போட்டுப் படமாக்கினார். வறுமைப் படம் என்றால் கை நடுங்கும் கேமராவும் மங்கிய நிறமும் என்ற பழக்கத்தை இது உடைத்தது. கறுப்புத் தோலுக்குப் பவுடர் பூசி மினுமினுப்பை அடக்காமல், எண்ணெய் தடவி வியர்வைப் பளபளப்பைக் கூட்டினார்கள். நிறம் சேர்த்த அலெக்ஸ் பிக்கல் மூன்று பகுதிக்கும் மூன்று வகைப் பழைய ஃபிலிமின் சாயலைக் கொடுத்தார்: முதலாவது ஃபியூஜி, இரண்டாவது ஆக்ஃபா, மூன்றாவது கோடாக். காதலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஆசையைப் பற்றிய படத்தில் கேமராவே அந்த உடம்புகளை ஆசையோடு பார்க்க வேண்டும். அந்தத் தோல் அழகாகத் தெரியாவிட்டால் ஷைரோன் கெவினிடம் எதைப் பார்த்தான் என்பது நமக்குப் புரியாது.

இசையமைப்பாளர் நிக்கலஸ் பிரிட்டல், ஹூஸ்டன் ஹிப்ஹாப்பில் 1990களில் டிஜே ஸ்க்ரூ பரவலாக்கிய ஒரு முறையைச் செவ்வியல் இசையின்மேல் பயன்படுத்தினார். பாட்டின் வேகத்தைக் குறைத்து, சுருதியை இறக்கி, துண்டு துண்டாக வெட்டி ஒட்டுவது அந்த முறை. சிறுவனுக்குப் பியானோவும் வயலினும் சேர்ந்த ஒரு மெட்டு. வயது ஏற ஏற அதே மெட்டு தாழ்ந்துகொண்டே போகிறது. பள்ளிச் சண்டையில் அது அடையாளம் தெரியாத உறுமலாகிறது, மூன்றாம் பகுதியில் செல்லோக்களுக்கு மாறுகிறது. உடைந்து ஆழ்ந்துபோன ஒரே பையன்தான் இவன் என்று காதுக்குச் சொல்லும் வழி.

இப்படிப்பட்ட கதை எழுத முயல்பவர்கள் தவறும் இடங்கள் எனக்குத் தெரிந்தவரை பெரும்பாலும் இவைதான். பெற்றோரிடம் உண்மையைச் சொல்லும் காட்சியைக் கதையின் உச்சமாக வைத்துவிடுகிறார்கள், அப்போது காதலன் துணைப்பாத்திரம் ஆகிவிடுகிறான், அம்மாதான் நாயகி. ‘மூன்லைட்’டில் தாயும் மகனும் மனம்விட்டுப் பேசும் காட்சி மூன்றாம் பகுதியில், கெவினைப் பார்ப்பதற்கு முன்பே வந்துவிடுகிறது, அதில் மன்னிப்புக் கேட்பவள் தாய். இன்னொன்று, இந்தப் படத்தின் மௌனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கையின் வேலையை விட்டுவிடுவது. இரண்டு பேர் சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்ப்பது ஏக்கமாகாது. பாத்திரத்துக்குச் செய்ய ஒரு வேலையும், அந்த வேலையில் சறுக்க ஓர் இடமும் கொடுங்கள், மௌனம் தானாகப் பேசும். காதலனை இலட்சிய வடிவமாக எழுதுவதும் பெரிய குறை. கெவின் கோழையாக நடந்துகொண்டவன். அதற்கு மன்னிப்புக் கேட்க முன்வந்த மனிதனாக இருப்பதால்தான் அவனை நேசிக்க முடிகிறது.

படத்தின்மேல் நியாயமான குறைகளும் உண்டு. மூன்றாம் பகுதி உடல் நெருக்கத்தைத் தவிர்த்துவிட்டது, பொதுப் பார்வையாளர் சங்கடப்படக் கூடாதென்று காதலைச் சுத்திகரித்துவிட்டது என்பது அவற்றில் வலுவானது. பிளாக் என்ற இந்த மனிதனுக்கு அந்தத் தயக்கம் பொருத்தமானது என்றே நான் நினைக்கிறேன். சிறையும் தெருவும் கட்டிய உடம்பு ஓர் இரவில் திறந்துவிடாது. ஆனால் இதையே விதியாக்கி, ஆண்களின் காதலென்றால் ஏக்கம் மட்டும்தான் என்று அடுத்தடுத்து எடுத்துக்கொண்டே போனால் அது வறட்சி. மகிழ்ச்சியும் விளையாட்டும் காமமும் உள்ள கதைகளுக்கும் இடம் வேண்டும். பெண்கள் பற்றிய குறையும் சரியே. பவுலா காயப்படுத்தும் தாய், ஹுவானின் துணைவி தெரசா அரவணைக்கும் தாய். நவோமி ஹாரிஸும் ஜனெல் மொனேயும் நன்றாக நடித்திருந்தும், எழுத்து அவர்களுக்கென்று தனி ஆசை எதையும் கொடுக்கவில்லை.

2017 பிப்ரவரியில் நடந்த ஆஸ்கர் விழாவில் சிறந்த படம், தழுவல் திரைக்கதை, துணை நடிகர் என மூன்று விருதுகள் கிடைத்தன. தன்பாலீர்ப்பை மையமாக வைத்த கதை சிறந்த படமானது அதுவே முதல் முறை. மேடையில் முதலில் வேறு படத்தின் பெயர் வாசிக்கப்பட்ட குழப்பத்தைத்தான் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். மெக்ரேனியின் கதையிலிருந்து ஜென்கின்ஸ் எழுதிய திரைக்கதைக்காக இருவருக்கும் விருது கிடைத்தது என் பார்வையில் அதைவிட முக்கியமான செய்தி.

பார்க்கப் போகிறவர்களுக்கு இரண்டு யோசனைகள். மடிக்கணினியின் சிறிய ஒலிபெருக்கியில் பார்த்தால் பள்ளிச் சண்டையின் தாழ்ந்த இசை காதிலேயே விழாது, நல்ல ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். மயாமி தெருப்பேச்சு வேகமானது, பலர் முணுமுணுப்பாகவே பேசுகிறார்கள். அதனால் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களும் முதல்முறை வசன எழுத்துகளோடு பார்ப்பது நல்லது. இரண்டாம் முறை பார்க்கும்போது அவற்றை அணைத்துவிட்டு, ஒவ்வொரு காட்சியிலும் கைகள் எங்கே இருக்கின்றன என்று மட்டும் தொடருங்கள். எழுதுகிறவர்கள் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு, ஷைரோனை ஒருவர் தொடும் ஒவ்வொரு இடத்தையும் நிமிடத்தோடு குறித்துவைத்தால், அடுத்த கதைக்கு அந்தப் பட்டியலே பாடமாக இருக்கும்.